அங்கீகாரக் குழு வந்த வியாழக்கிழமை

யுகாதிக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை. கிழமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வராத நாள் அது. பிடித்துவைத்திருந்த தண்ணீரில் குளித்து, மைசூர் தேவராஜ மொஹல்லாவில் இருக்கும் என் மின்சாமான் கடையைத் திறக்காமல் நேராக மகளின் கல்லூரிக்குப் போனேன்.

அவள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு. அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் மேற்படிப்புக்கு இடம் கொடுத்திருந்தது, ஒரு நிபந்தனையோடு. பல நாடுகளின் அங்கீகார அமைப்புகள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை வைத்திருக்கின்றன. ஒருவர் தரச் சான்று கொடுத்த படிப்பை மற்றவரும் ஏற்றுக்கொள்வார்கள். மகளின் துறைக்கு அந்தச் சான்று கிடைத்தால் அவள் பட்டம் அங்கே அப்படியே செல்லும். கிடைக்காவிட்டால் அங்கே கூடுதலாக ஓராண்டு படித்த பிறகுதான் மேற்படிப்பு. சான்று கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க அன்றைக்குக் குழு வந்திருந்தது.

முந்தின நாளே பெற்றோர்களை அழைத்து ஒத்திகை பார்த்தார்கள். இளம் விரிவுரையாளர் ஒருவர், எதைக் கேட்டாலும் "தும்பா சென்னாகிதெ" என்று சொன்னால் போதும் என்றார். கன்னடத்தில், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கல்யாண வீட்டில் பந்தியைப் பற்றிக் கேட்டால் சொல்வது போல நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிப் பார்த்தோம். பிறகு சோதனைக்கூடத்தைச் சுற்றிக் காட்டினார். நடுவில் ஆள் உயரத்துக்குமேல் ஓர் இயந்திரம். இரும்புக் கம்பியை இழுத்து, எவ்வளவு விசையில் அறுகிறது என்று காட்டுவது. அதற்கு மாலை போட்டுக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்தது இத்தனை மாதம் வாடாமல் இருக்குமா என்று ஒரு கணம் தோன்றியது. மேலே யோசிக்கவில்லை.

குழுவில் மூவர். இருவர் நம் நாட்டவர். மூன்றாமவர் மலேசியாவிலிருந்து வந்த சீன வம்சாவளிப் பெண்மணி. குட்டையாக வெட்டிய தலைமுடி, சாம்பல் நிறக் கோட்டு. பெற்றோர்களோடு பேசும்போது கல்லூரிக்காரர்கள் யாரும் இருக்கக் கூடாது என்று முதல்வரையே வெளியே அனுப்பிவிட்டார்கள். உள்ளூர் உறுப்பினர் ஆங்கிலக் கேள்விகளைக் கன்னடத்தில் சொல்ல, தும்பா சென்னாகிதெ வரிசையாக வந்துகொண்டிருந்தது.

என் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். அவர் மகன் என் மகளின் வகுப்புதான். மைசூரில் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் விலை படியாவிட்டாலும், மருத்துவர் சொல்வதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், எதிரில் இருப்பவருக்குக் கேட்கும்படியே தமிழில் பேசிக்கொள்வோம். கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி ஒரு தைரியம். அந்த அம்மாவும் அப்படித்தான் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்:

"ஏனுங்ணா, அந்தப் பெரிய மிஷினப் பாத்தீங்ளா? திங்கக்கெழமை எங்கூட்டுக்காரருதான் கிரேன் போட்டு எறக்குனாரு. இவங்க போனதும் திருப்பி ஏத்தோணுமாம். பொண்ணு பாக்க வர்றப்ப பக்கத்து ஊட்டு நகையப் போட்டு நிறுத்தறாப்புல!"

நான் சிரிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் எதிரிலிருந்து சுத்தமான தமிழில் குரல் வந்தது.

"எங்கேருந்து கொண்டுவந்து இறக்குனாங்கம்மா?"

மலேசியப் பெண்மணிதான் கேட்டார். ஹனூர் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

"நான் எங்க ஊர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில படிச்சவ" என்றார் அவர், மன்னிப்புக் கேட்பது போல. "யார் சொன்னாங்கன்னு அறிக்கையில வராது. பயப்படாம சொல்லுங்க."

"எம்பையன் மார்க்குல கை வெச்சுருவாங்கம்மா" என்றார் ஹனூர் அம்மா. கண் கலங்கிவிட்டது. ஆனால் தொடங்கியதை அவர் நிறுத்தவில்லை. இயந்திரம் அதே நிர்வாகத்தின் இன்னொரு கல்லூரியிலிருந்து வந்தது, இங்கே அது நின்ற இடத்தில் அதுவரை பழைய பெஞ்சுகள்தான் கிடந்தன என்றும் சொன்னார்.

மலேசியப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க வீட்டுப் பிள்ளை இந்த மிஷினைப் பத்தி எப்பவாவது பேசியிருக்காங்களா?"

நான்கு வருடத்தில் ஒரு முறைகூட இல்லை. இல்லை என்றால் மகளுக்கு ஓராண்டு போயிற்று. பேசியிருக்கிறாள் என்றால் பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவர் பொய்யராவார். "இல்லைங்க" என்றேன்.

மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. நஞ்சன்கூட்டுப் பாசஞ்சர் வருவதற்காக வண்டியை அணைத்துவிட்டு, திரும்பாமலே நடந்ததைச் சொன்னேன்.

"அப்பா, அவங்களுக்கு அது முன்னாடியே தெரியும்" என்றாள், கன்னடம் கலந்த அவள் தமிழில். "காலையில ஸ்டூடண்ட்ஸ் மீட்டிங்ல நானே சொல்லிட்டேன்."

"எதை?"

"அதேதான். மிஷின் இரவல்னு. உங்ககிட்ட கேட்டது சும்னே செக் பண்ண."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தூரத்தில் வரும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத்தானே அந்த சர்டிபிகேட் வேணும்? உன் சீட்டுத்தானே?"

"ஹௌதுப்பா, என் சீட்டுத்தான். அங்க மொதல் நாள் லேப்ல, இந்தக் கம்பியை டெஸ்ட் பண்ணுன்னு சொன்னா நான் எந்தப் பக்கம் போய் நிக்கிறது? நாலு வருஷத்துல ஒரு தடவை தொட்டதில்ல. ஃபோட்டோவுல பாத்து எக்ஸாம் எழுதினேன். ஒரு வருஷம் எக்ஸ்ட்ரா படிச்சாதான் எனக்கு வரும். அந்த ஒரு வருஷம் வேணும்பா."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன். ரயில் எங்களைக் கடந்து போயிற்று. கேட்டைத் தூக்கியதும் பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. எனக்கு ஸ்கூட்டர் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கைதான் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தது. "வண்டியிலயே இருக்குப்பா" என்று அவள் என் தோளுக்குமேல் கை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் சமயத்தில் முடிவு வந்தது. இப்போதைக்குச் சான்று இல்லை. குறைகளைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். அன்று மாலையே மகள் அயர்லாந்துக்குப் பதில் எழுதினாள், கூடுதல் ஆண்டுக்குச் சம்மதம் என்று. அனுப்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். இந்த முறை கேட்கிறாளே என்று உட்கார்ந்தேன். நான் படித்து முடிக்குமுன்பே அனுப்பிவிட்டிருந்தாள்.