சிவப்பாகத் தெரிந்த குட்டை

எம்.எஸ்சி. கடைசி வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது குமட்டல்தான். 1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய்ப் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரின் பெயர் அந்த வருஷம் உலகம் முழுக்கச் செய்தித்தாள்களில் வந்தது. அது வேறு கதை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றாலே போலீஸ்காரர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதனால் ‘இவர் எங்கள் மாணவி’ என்று துறையின் முத்திரை குத்திய கடிதம் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும்.

செயற்கைக்கோள் எடுத்த படத்திலிருந்து நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாரிப்பதுதான் என் ஆய்வு. ஊரைச் சுற்றியுள்ள பகுதியையே எடுத்துக்கொண்டேன். அடியில் ட்யூப்லைட் எரியும் கண்ணாடி மேஜையில் படத்தை வைத்து, மேலே டிரேசிங் தாளை ஒட்டி, ஏரி, நஞ்சை, புஞ்சை, தரிசு என்று எல்லை பிரித்து வரைய வேண்டும். அந்தப் படங்களில் பச்சைச் செடிகள் சிவப்பாகத் தெரியும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு செழிப்பு என்பது வகுப்புப் பாடம். வரைந்து முடித்ததும் நாற்பது இடங்களைத் தேர்ந்தெடுத்து நேரில் போய்ச் சரிபார்த்துக் குறித்துவர வேண்டும்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்த நாற்பது இடங்களையும் கேன்டீனில் உட்கார்ந்தே பார்த்து முடித்தார்கள். எனக்கு அதைப் பார்க்கவே கூசியது. நான் அவர்களைப்போல இல்லை என்ற கர்வமும் இருந்தது.

பிள்ளைப்பாக்கம் தாண்டி ஒரு சின்னக் குடியிருப்பை ஒட்டி, படத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு. ஆகஸ்ட் மாத வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். பாதி தூரத்திலேயே நாற்றம் வந்துவிட்டது. செத்த மாட்டின் நாற்றம் தெரியும், சாக்கடை நாற்றமும் தெரியும். இது இரண்டும் கலந்து வெயிலில் வெந்ததுபோல் இருந்தது. துப்பட்டாவால் மூக்கை இறுக்கிக்கொண்டேன். துணியைத் தாண்டி நாக்கில் ஒட்டியது.

போய்ப் பார்த்தால் பயிர் எதுவும் இல்லை. ஒரு குட்டை. தண்ணீரே தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. எதிர்க்கரையில் தகரக் கூரை போட்ட, மாட்டெலும்பை அரைக்கும் எலும்பு மில். அங்கிருந்து ஒரு வாய்க்கால் சாம்பல் நிறத்தில் நுரைத்து வந்து குட்டையில் விழுந்தது. கிட்டே பார்த்து நாலு வார்த்தை குறித்துக்கொள்ளலாம் என்று விளிம்புக்குப் போனேன். கரை என்று நினைத்து வைத்த கால் முழங்கால் வரை உள்ளே போனது. சேறு இல்லை, கொழகொழவென்று கொழுப்பு. இழுத்த காலில் மயிரும் எலும்புத் துணுக்கும் ஒட்டியிருந்தன. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

“யம்மா, யாரு நீ? அங்க ஏன் போன?” என்று ஓர் அக்கா ஓடி வந்தார். முப்பது வயதிருக்கும். இடுப்பில் புண் பிடித்த கால்களோடு ஒரு குழந்தை. என்னைக் கைப்பம்புக்கு இழுத்துப்போய், குழந்தையை இறக்கி வைத்துவிட்டு, வெறும் கையால் என் காலைத் தேய்த்துக் கழுவினார். நானே தொட அருவருத்த காலை.

“நானே கழுவிக்கிறேன்க்கா.”

“சும்மா இரு. வழுக்கிக்கினு போவும், மண்ணு போட்டுத் தேச்சாத்தான் போவும்.”

பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாயருகே கொண்டுபோனேன். அதே நாற்றம், கொஞ்சம் மெலிதாக. அவர் குழந்தையைத் தூக்கத் திரும்பியபோது அதை வேலி ஓரம் ஊற்றிவிட்டேன். அவர் பார்த்துவிட்டார்.

“நாங்க அதத்தாம்மா குடிக்கிறோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் யார் என்று விளக்க அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். முத்திரையைப் பார்த்ததும் இன்னும் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள்.

“கவுருமெண்டு ஆளா?”

“இல்லக்கா, படிக்கிறேன். மேப் போடுறேன்.”

“மேப்புல போடுவியா? அப்ப எயுதிக்கோ. நாத்தம்னு எயுது. கொயந்தைங்களுக்கு ஒடம்பெல்லாம் செரங்குன்னு எயுது.”

எழுதிக்கொண்டேன். நோட்டில் அந்த இடத்துக்கான பக்கத்தில் ‘கழிவுநீர்க் குட்டை, ஆகாயத்தாமரை, கடும் நாற்றம்’ என்று எழுதி அவர்களுக்குப் படித்தும் காட்டினேன். “கண்டிப்பா வரும்க்கா” என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் துறையில் என் ஆய்வுக்குக் கைடாக இருந்த சார் என் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார்.

“என்னம்மா இது, நாற்றம்? சேட்டிலைட்டுக்கு மூக்கு இருக்கா?”

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள்.

“நேர்ல பார்த்தேன் சார். அங்க பயிரே இல்ல.”

“படத்துல என்ன கலர்? சிவப்பு. நம்ம வகைப்பாட்டுல கழிவுக் குட்டைன்னு ஒண்ணு இருக்கா? இல்ல. நஞ்சைன்னு போட்டுட்டுப் போ. ஒரு இடத்துக்காகப் புதுசா ஒரு வகை சேர்த்தா, தேர்வுக்கு வர்ற எக்ஸ்டர்னல் நூறு கேள்வி கேப்பார்.”

“ஏரி, குளம்னாவது போடலாமா சார்?”

“தண்ணி கறுப்பாத் தெரியணும்மா. நான் சொல்றதைச் செய்.”

அன்றிலிருந்து நான் உள்ளே வந்தால் இரண்டு பையன்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சாரும் அதைப் பார்த்துப் புன்னகைப்பார். அந்தப் புன்னகை எனக்குக் குட்டையைவிட அருவருப்பாக இருந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்து ரப்பரை எடுத்து அந்தப் பக்கத்தை அழித்தது என் கைதான். ‘நஞ்சை’ என்று எழுதினேன். இறுதி வரைபடத்தில் அந்த இடத்துக்கு அழகான இளம்பச்சை பூசினேன்.

வாய்மொழித் தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“நாற்பது இடத்துக்கும் நேர்ல போனீங்களா?”

“போனேன் சார்.”

“நாற்பதும் சரியா இருந்ததா?”

கைடு என்னைப் பார்த்தார். “சரியா இருந்தது சார்” என்றேன்.

“நல்ல உழைப்பு” என்று கையெழுத்துப் போட்டார். தேர்வு முடிந்ததும் மாணவர்கள் சாப்பாடு வாங்கித் தருவது அங்கே வழக்கம். நானே இலை போட்டு மட்டன் பிரியாணி பரிமாறினேன். பேராசிரியரும் கைடும் எலும்பை உறிஞ்சி இலை ஓரத்தில் குவித்தார்கள். “நீயும் உக்காரும்மா” என்றார் கைடு. எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

முதல் வகுப்பு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் ஒரு காலை வேளையில் பஸ் ஏறி அந்தக் குடியிருப்புக்குப் போனேன். அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“மேப்பு வந்துச்சாம்மா?”

“வந்துச்சுக்கா. ஆனா நான் உண்மைய எழுதல. நெல் வயல்னு போட்டுட்டேன்.”

ஈரத்துணியைப் பிழிந்த கை நின்றது. “நெல்லா?” என்றார். குட்டையைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, உன் காலயே முழுங்கிச்சே, அப்புறமுமா?”

அவர் மீதித் துணியையும் உலர்த்திவிட்டு வந்து, “சரி, இப்ப எயுது. தாலுக்கா ஆபீஸுக்கு எயுது” என்றார். அங்கேயே மனு எழுதினேன். பெண்கள் கைநாட்டு வைத்தார்கள்.

தாலுக்கா அலுவலகக் குமாஸ்தா மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “சர்வே நம்பர் எங்க?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் குட்டையின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மனப்பாடம். சர்வே நம்பர் தெரியாது. இரண்டு வருஷப் படிப்பில் அதை யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். வெற்றிலையை மென்றபடி கிராம வரைபடத்தையும் நிலப் பதிவேட்டையும் விரித்துத் தேடினார். “இங்க குட்டையே இல்லியேம்மா. பட்டா நெலம். மில்லுக்காரரு பேர்ல கீது. நஞ்சைன்னு போட்டுக்கீது பாரு.”

அந்தத் தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறியலாம் என்று வந்தது. எந்த முகத்தோடு எறிவது? எனக்கு முன்னால் யாரோ ஒருவர் எழுதியதைத்தான் நானும் எழுதியிருந்தேன். நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து மனுவைக் கொடுத்தேன். முத்திரை குத்திய ரசீதை அக்காவிடம் சேர்த்தேன். அவர் அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, “பஸ்ஸு வந்துரும், கெளம்பு” என்றார்.

இரண்டு மாதத்தில் எனக்கு வேறு ஊரில் வரைபட வேலை கிடைத்தது. நல்ல மாணவி என்று கைடுதான் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். மனுவுக்கு என் வீட்டு முகவரிக்கு எந்தப் பதிலும் வரவில்லை. சில வருஷம் கழித்து அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது மில்லுக்காரர் நல்ல விலைக்கு நிலத்தை விற்றுவிட்டார் என்றும், குட்டையை மண்ணடித்து மூடிவிட்டார்கள் என்றும் அப்பா சொன்னார். அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.