மோடத்துக்குள் இருந்த சிடி

கிறிஸ்டினா ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாகச் செக்கிங் வேலை பார்க்கிறாள். முப்பத்து நான்கு வயதில் தபால்வழி பி.காம். சேர்ந்தாள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு முதல் ஆன்லைன் வகுப்பு. வீட்டிலிருந்த ஒரே ஸ்மார்ட்போனை லாரி ஓட்டும் கணவன் ஜோசுவா எடுத்துப் போயிருந்தான். அவளிடம் பட்டன் போனும், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பும், இணையத்துக்காகப் புதிதாக வாங்கிய யுஎஸ்பி மோடமும்தான் இருந்தன.

"சொருகினா போதும், தானா வேலை செய்யும்" என்றுதான் கடைக்காரர் கொடுத்திருந்தார். சொருகினாள். இணையம் வரவில்லை. கடைக்குப் போன் செய்தாள்.

"லினக்ஸா? அதுல வராதும்மா. விண்டோஸ் போட்டுக்கினு சொல்லு."

அழுகை வந்தது. திரையை மறுபடி பார்த்தபோது, மூலையில் சிடி வடிவில் ஒரு சின்னப் படம் தெரிந்தது. அந்த லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது. மோடத்தைப் பிடுங்கினாள், படம் போயிற்று. சொருகினாள், வந்தது. திறந்தால் உள்ளே விண்டோஸுக்கான மென்பொருள் இருந்தது. மோடம் தன்னைச் சிடி என்று காட்டிக்கொள்வதால்தான் லேப்டாப் அதை மோடமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அந்தப் படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'வெளியேற்று' என்பதை அழுத்தினாள். மோடத்தின் சிவப்பு விளக்கு அணைந்து நீலம் எரிந்தது. நெட்வொர்க் பட்டியலில் அதன் பெயர் வந்தது. அதை அழுத்தியதும் இணையம் வந்து, வகுப்பு திறந்தது.

ஜோசுவா போனில் கேட்டான்: "இன்னா, நெட்டு வந்துச்சா?"

"வந்துடுச்சு. நீ வை, கிளாஸ் ஆரம்பிச்சிட்டாங்க."