மூன்று முறையும் வெள்ளைப் பூ

இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடப் போகும் இந்திய அணியை அந்த வருஷம் பம்பாயில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்குத் தெரிந்து சேலத்துக் காப்பிக் கடைகளில்தான் தேர்ந்தெடுத்தார்கள். தினமும் ஓர் அணி. இன்று சேர்த்தவரை நாளைக்குத் தூக்கிவிடுவார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஊரே ஒரே கட்சி: அணித் தலைவர் பதவியை ஆட்டத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை, அரண்மனையைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். இதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் எங்கள் கிரிக்கெட் கிளப்பின் தலைவரான மிட்டாதார்; எங்கள் பக்கத்து ஜமீன்தார்.

நான் அப்போது புதிதாக வக்கீல் தொழிலுக்கு வந்தவன். கிளப்புக்குக் காரியதரிசியும் நான்தான். சென்னையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இந்திய அணிக்கு ஆள் பார்க்க அங்கே ஒரு தேர்வு ஆட்டம் நடக்கிறது, உங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பந்து வீச்சாளரை அனுப்பலாம், பெயர் கிளப் தலைவர் கையெழுத்தோடு பதினைந்து நாளுக்குள் வந்து சேர வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஓமலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்து இளைஞர் ஒருவர் எங்களுக்கு ஆடினார். இடது கைக்காரர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடி வருவார். மட்டை பிடித்து நின்ற எனக்கு அவர் பந்தைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்; பின்னால் ஸ்டம்பில் விழும் சத்தம். இன்னொருவர் மிட்டாதாரின் மருமகன். அவருக்கு பூட்ஸ் உண்டு. அவர் போடும் பந்து வந்து சேர்வதற்குள் ஒருவாய் வெற்றிலை போட்டுக்கொள்ளலாம்.

கடிதம் வந்த செய்தி கேட்டதும் ஓமலூர்க்காரர் வெள்ளைக் கால்சட்டைக்குத் தையல்காரரிடம் அளவு கொடுத்துவிட்டார். கடலை பிடுங்கும் வேலையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, தினமும் சாயங்காலம் சைக்கிளில் வந்து தனியாகப் பந்து போட்டார்.

"ஏனுங்க வக்கீலுங்க, பேரு அனுப்பியாச்சுங்களா?"

"அனுப்பிருவோமுங்க."

கமிட்டியில் ஐந்து பேர். முதல் கூட்டத்தில், வெறுங்காலோடு ஆடுபவரைப் பட்டணத்தில் உள்ளே விடுவார்களா என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். இரண்டாவதில், அவர் இந்திய அணிக்கே தேர்வாகிவிட்டால் கப்பலில் முள்கரண்டி பிடித்துச் சாப்பிடுவாரா என்று பேசினார்கள். மூன்றாவதற்கு நான் மட்டும் போனேன். மற்றவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். யார் விக்கெட் எடுப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மிட்டாதார் முகத்துக்கு நேரே உங்கள் மருமகன் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான்.

நான்காம் கூட்டத்தில், கமிட்டியில் ஒருவரான டாக்டர், "பூக் கேட்டுரலாமுங்க" என்றார். எல்லோருக்கும் உயிர் வந்தது. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் எங்கள் பக்கத்தில் செய்வதுதான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். இங்கிலாந்துக்காரனுக்கு யார் பந்து போடுவது என்பதற்கும் அதைச் செய்தது நாங்களாகத்தான் இருக்கும். கமிட்டியில் இரண்டு பேர் பி.ஏ. வேறு. வெள்ளை ஓமலூர்க்காரருக்கு, சிவப்பு மருமகனுக்கு.

கோயிலில் பூசாரி எடுத்தார். வெள்ளை.

"ஒருக்காக் கேட்டாப் பத்தாதுங்க, மூணுவாட்டி கேக்கோணும்" என்றார் மிட்டாதார்.

மறுபடியும் வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. எனக்கு அப்படியொன்றும் பெரிய பக்தி கிடையாது. ஆனாலும் எங்கள் ஐந்து பேரைவிட அம்மனுக்கு ஆட்டம் தெரிந்திருந்தது.

ஓமலூர்க்காரர் பெயர் எழுதிய கடிதத்தை அங்கேயே கையெழுத்துக்கு நீட்டினேன். "இன்னிக்கு அஷ்டமிங்க" என்றார் மிட்டாதார். மறுநாள் நவமி. அதற்கு மறுநாள் ஏற்காட்டுக்குப் போய்விட்டார். கெடுவுக்கு இன்னும் இரண்டே நாள். கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை இறங்கும் இடத்தில், சைக்கிளோடு இரண்டு நாளும் வெயிலில் நின்றேன். மூன்றாம் நாள் கார் இறங்கி வந்தது. காகிதத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இத்தன அவசரமுன்னா முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

கெடு தாண்டி வந்ததால் பெயரைச் சேர்க்க இயலவில்லை என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. அன்றைக்கும் காப்பிக் கடையில் மிட்டாதார் பம்பாய்க்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார், ஆளைத் தெரிந்து எடுக்கத் துப்பில்லை என்று.

கெடுவுக்குள் நானே அவர் பெயரைப் போட்டு ஒரு தந்தி அடித்திருக்கலாம். யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். மிட்டாதார் வீட்டு வழக்குகள் எல்லாம் என் சீனியரிடம் இருந்தன, அந்தப் பயம்தான்.

மைதானத்தில் ஓமலூர்க்காரர் புதுக் கால்சட்டையோடு பந்து போட்டுக்கொண்டிருந்தார். கெடு தவறிப்போனதைச் சொன்னேன். பூக் கேட்டதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணுவாட்டியும் வெள்ளப் பூத்தானுங்களா?"

"ஆமாங்க."

"அப்பறம் எப்படீங்க ஆகாமப் போச்சு?"

குத்திக் காட்டவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்து நின்றார். என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

"உங்களுக்கு நேரஞ் சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.