நான்கு மில்லிமீட்டர் மூக்கு

எங்கள் மன்றத்தில் அவருக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். பையில் எப்போதும் ஓர் எஃகு ஸ்கேல் இருக்கும். பல் மருத்துவமனை ஒன்றின் பின்கட்டு அறையில் இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் செய்பவர். ஒரு பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் மெல்லுகிறவருக்கு உறுத்தும் என்பார். அதே கண்ணைத்தான் பொம்மை விமானங்கள் மேலும் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓர் அச்சகத்தின் மாடியில் நாங்கள் பதினைந்து பேர் கூடுவோம். பழங்காலப் போர் விமானங்களின் பிளாஸ்டிக் கிட் வாங்கி, ஒட்டி, வண்ணம் பூசுவோம். பெட்டியில் வந்ததை அப்படியே ஒட்டிவிட்டு நாங்கள் திருப்திப்பட்டுக்கொள்வோம். அக்காவுக்கு அது ஆகாது. இறக்கையின் ஓரம் தடித்திருந்தால் தாள் போல மெலியும்வரை தேய்ப்பார். சக்கரம் தப்பென்றால் பல்செட்டுக்குச் செய்வது போல அச்செடுத்துப் புதிதாக வார்ப்பார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவர் கணவர் கேலி செய்வார். "கம்பெனிக்காரன் பண்ணதையெல்லாம் திருத்துற. என்னை எப்போ திருத்தப் போற?"

"உங்களுக்கு உதிரி பாகம் கிடைக்காது" என்பார் அக்கா.

அவர் முழுசாக நம்பிய ஆள் கேப்டன். அதுவும் பட்டப்பெயர்தான். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். இளவயதில் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்ததாகச் சொல்வார். இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் மேசையில் பாதி ஒட்டிய விமானம் ஒன்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கச்சி, இதோட மூக்கு குட்டை. நிஜத்துல இன்னும் பத்தொன்பது சென்டிமீட்டர் நீளம்."

"உறுதியா தெரியுமாண்ணா?"

"இந்தக் கையால டேப் பிடிச்சு அளந்திருக்கேன்மா."

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படமும் போட்டுக் கொடுத்தார். எங்கள் கிட் நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. பத்தொன்பது சென்டிமீட்டர் அதில் நான்கு மில்லிமீட்டர். அக்கா விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் விமானத்தின் உடம்பை அறுத்து, பிளாஸ்டிக் தகடு செருகி, பட்டி வைத்துத் தேய்த்து, அழிந்த கோடுகளைப் பல் செதுக்கும் ஊசியால் மறுபடி கீறினார். பிறகு அந்த நீண்ட மூக்கையே அச்சு எடுத்து வார்த்து, அதே விமானம் வைத்திருந்த பதினோரு பேருக்கும் சும்மா கொடுத்தார். நானும் வாங்கினேன். என் விமானத்தின் மூக்கை நானே ரம்பத்தால் அறுத்தெறிந்தேன்.

போன மாதம் ஒரு தொழிற்கல்லூரி வாசலில் நிற்கும் அதே ரக விமானத்தை வண்ணம் அடிப்பதற்காகப் பீடத்திலிருந்து இறக்கினார்கள். கேள்விப்பட்டதும் அக்கா கணவரின் வேனில் ஏறிவிட்டார். பெயின்டரிடம் கால் மணி நேரம் கேட்டு வாங்கினார். டேப்பின் ஒரு முனையைக் கணவர் பிடித்தார்.

"இன்னொரு தடவை" என்றார் அக்கா.

"மூணாவது தடவை அளந்தா மட்டும் வளர்ந்துடுமா?"

வளரவில்லை. கிட்டில் வந்த மூக்குதான் சரி. அங்கே நடந்ததைக் கணவர்தான் பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கேப்டன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை.

"அண்ணா, நீங்க அந்த பிளேனைத் தொட்டாவது இருக்கீங்களா?"

அவர் தாள்கட்டைத் தட்டி அடுக்கினார். "ஸ்டோர்ல இருந்தேன் தங்கச்சி. போர்வை, சீருடை எடுத்துக் குடுக்கிற வேலை. அது தூரத்துல நிக்கிறதைப் பார்த்திருக்கேன்."

"அப்போ பத்தொன்பது எங்கிருந்து வந்துச்சு?"

"இருபதுன்னு சொன்னா குத்துமதிப்புன்னு நினைச்சுக்குவியோன்னு..." என்று இழுத்தார். "நீ அவ்வளவு மரியாதையா கேட்டே. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. ஞாயித்துக்கிழமை நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அக்கா அந்த வாக்கையும் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் டீ குடித்தார், புது பெயின்ட் பற்றிப் பேசினார், யாருடைய விமானத்தையோ பாராட்டினார். கூட்டம் கலையப்போகும் நேரத்தில் அக்காவே எழுந்தார். கல்லூரியில் அளந்ததைச் சொல்லி, காலண்டர் தாளை மேசையில் வைத்தார்.

எல்லோரும் கேப்டனைப் பார்த்தோம். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ எழுதியதைப் பார்ப்பது போல.

"ஏதோ பேச்சுவாக்கில கிறுக்கினது. இதை வச்சு அறுக்கச் சொன்ன ஞாபகம் எனக்கு இல்லையே. தங்கச்சி தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க போல."

"என் பிளேனை நாசமாக்கியாச்சு. ஊருக்கே கொடுக்கறதுக்கு முன்னாடி சரிபார்த்திருக்க வேண்டாமாக்கா?" என்று எங்களில் ஒருவரான ஒர்க்ஷாப் எலக்ட்ரீஷியன் குரலை உயர்த்தினார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். கேப்டன் அந்த மூக்கைப் பற்றி அளந்துவிட்ட கதைகளை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா யாரோடும் வாதாடவில்லை. "கொண்டு வந்து குடுங்க, சரி பண்ணித் தரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதன்பின் மன்றத்துக்கு வரவே இல்லை.

ஆறு பேர் விமானத்தைக் கொடுத்தனுப்பினார்கள். நான் பல் மருத்துவமனையின் பின்கட்டு அறைக்கு நேரில் கொண்டுபோனேன். ஒட்டிய இடத்தை வெட்டி, நான்கு மில்லிமீட்டரை எடுத்துவிட்டு, மறுபடி பூசிக் கொடுத்தார். விரலால் தடவினாலும் ஒட்டு தெரியவில்லை.

"கேப்டன் அப்புறம் பேசினாராக்கா?"

"ரெண்டு தடவை போன் வந்துச்சு. எடுக்கல." ஊசியைத் துணியில் துடைத்தார். "தெரியாம சொல்லிட்டாரு, அது போகட்டும். அத்தனை பேர் முன்னாடி என்னை யாரோ மாதிரி பேசினாரே, அதைத்தான் தாங்க முடியல. ரெண்டு வருஷமா அண்ணா அண்ணான்னு கூப்பிட்டிருக்கேன்." பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "நீங்களும் அன்னைக்கு அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்க்கா."

விமானத்தைப் பஞ்சில் சுற்றி, பெட்டியில் வைத்து, என் பக்கம் தள்ளினார். மேசையில் யாருக்கோ போகவேண்டிய பல்செட் ஒன்று பாதி வேலையில் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் கிளம்பினேன்.