மிச்சம் வைத்த முட்டை

எங்கள் கின்மென் தீவில் பீலியென் அக்காவின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. புருஷன் போன பிறகு பழைய வீட்டின் நாலு அறைகளைப் பயணிகளுக்கு விட்டுப் பிழைத்தாள். படகுத்துறையிலிருந்து ஆட்களை ஏற்றிவருவது என் டாக்ஸி. ஐந்து நிமிடம் பிந்தினால் என் ஏழு தலைமுறையையும் இழுப்பாள்.

நாங்கள் தைவான்; கடலுக்கு அந்தப் பக்கம் சீனாவின் சியாமென், படகில் அரை மணி. அறுபத்தாறு வயதுவரை அக்கா அங்கே கால் வைத்ததில்லை. அவள் சித்தப்பா 1949இல் சிப்பி விற்கப் போனவர். அந்த வருஷப் போரில் இரு கரைக்கும் நடுவே படகு நின்றது, ஐம்பது வருஷத்துக்கு. மனுஷர் வரவே இல்லை.

ஒரு ஏப்ரல் மாதம், தைபேயிலிருந்து மகன் வருகிறான் என்று சேமியா சூப் காய்ச்சி, இரண்டு அவித்த முட்டை போட்டு வைத்திருந்தாள். தூரத்திலிருந்து வீடு திரும்புகிற ஆள் செருப்பைக் கழற்றியதும் சாப்பிடுவது அது. விருந்தாளிக்கு டீயும் கடலை மிட்டாயும்தான். ஆனால் மூடுபனியில் விமானம் ரத்தாகிவிட்டது. காலைப் படகில் சியாமெனிலிருந்து வந்த சூயுன் என்ற பெண் மட்டும், கடல் குமட்டலோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அக்கா கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தாள்.

"ஐயோ அக்கா, எங்க ஊர்லயும் இது வீட்டு ஆளுக்குத்தானே!"

"இதைக் கொட்டினா வீட்டுக்கு ஆகாது. வாயை மூடிட்டுச் சாப்பிடு."

"வாயை மூடிட்டு எப்படிக்கா சாப்பிடுறது?" என்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சூயுன் சாப்பிட்டாள், ஒரு முட்டையை மட்டும் விட்டுவிட்டாள். ஒன்றை மிச்சம் வைத்தால் விருந்தாளி, இரண்டையும் சாப்பிட்டால் வீட்டு ஆள். இரு கரையிலும் அதே வழக்கம்.

பிறகு வருஷா வருஷம் வந்தாள். இருவரும் சேர்ந்து சிப்பி உடைப்பார்கள், மருமகள்களைத் திட்டுவார்கள், ஒரே போர்வைக்குள் தூங்குவார்கள். சேமியா வைத்தால் மட்டும் ஒரு முட்டை அப்படியே கிடக்கும். அக்காவுக்கு அது நெஞ்சில் முள். ஆறாவது வருஷம் வெடித்துவிட்டாள்.

"என் முட்டையில விஷமா இருக்கு?"

சூயுன் தலை குனிந்தாள். "ரெண்டையும் தின்னா வீட்டு ஆளாயிடுவேன்க்கா. உங்க சித்தப்பா மாதிரி திடீர்னு படகு நின்னா? என்னால தாங்க முடியாது. விருந்தாளியாவே இருந்துட்டுப் போறேன்."

அடுத்த வருஷம் உலகம் பூராவும் தொற்றுநோய் வந்தது, படகு நின்றது. மூன்று வருஷம்! எந்தப் பயணி கேட்டும் சூயுனின் அறையை அக்கா கொடுக்கவில்லை. படகு மறுபடி ஓடிய மாதம், சூயுன் இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி வீட்டில் இருக்கிறாள் என்று போன் வந்தது.

"டேய், பெட்டியைத் தூக்கு" என்றாள் அக்கா.

படகில் என் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. "இதுவும் நின்னுட்டா நான் எப்படிடா திரும்புவேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

சூயுன் வீடு எட்டாவது மாடி. ஊன்றுகோலோடு அவளே அடுப்படியில் நின்று காய்ச்சியிருந்தாள். அக்கா செருப்பைக் கழற்றியதும் மேசைக்கு வந்தது கிண்ணம். சேமியா, இரண்டு முட்டை. அக்கா சேமியா முழுவதும் சாப்பிட்டாள், ஒரு முட்டை சாப்பிட்டாள். பிறகு சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள்.

சூயுன் முகம் செத்துப்போனது. "பழிவாங்குறீங்களாக்கா?"

"ஆறு வருஷம் ஒண்ணொண்ணா மிச்சம் வச்சியே. படகு நிக்காம இருந்துச்சா?"

சூயுன் ஊன்றுகோலை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நின்னுச்சு. மூணு வருஷம் நீயும் அழுதே, நானும் அழுதேன். விருந்தாளிக்காடி இப்படி அழுவாங்க?"

கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"இது மிச்சம் இல்லடி, உன் முட்டை. தின்னு."

சூயுன் அழுதுகொண்டே சாப்பிட்டாள். முட்டை தொண்டையில் அடைக்க, அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், பாதி திட்டியபடி.