ஸ்பேனர் அக்கா கிரேன் வாங்கிய மதியம்

நெடுஞ்சாலையில் எந்த வண்டி குடைசாய்ந்தாலும் முதல் போன் ஸ்பேனர் அக்காவுக்குத்தான் போகும். சங்கிலியும் பெல்ட்டும் போட்டு லாரியை நிமிர்த்துவதில் அவள் கெட்டிக்காரி. சொந்தக் கிரேன்தான் இல்லை. வாடகைக் கிரேன் ஆடி அசைந்து வருவதற்குள் வேலையை வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்காகவே அவளும் தையல்காரரான அவள் கணவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

கல்குவாரி முதலாளி தொழிலை மூடுகிறார், கிரேனை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் அக்கா காலையிலேயே குவாரிக்குப் போய்விட்டாள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். கிரேனின் கையை நீட்டி மடக்கி, கொக்கியில் ஒரு பாறையைத் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. விலையும் படிந்தது. அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்புத் தரகர் காரில் வந்து இறங்கினார்.

"அதே விலைக்கு நான் எடுத்துக்கிறேன். இந்தாங்க செக்."

முதலாளி கையை நீட்டவில்லை. "செக் பாஸாகி வர்றதுக்குள்ள எனக்கு வயசாயிடும். அந்தம்மாவுக்கும் நான் இன்னும் சாவி குடுக்கல. யார் பணம் முதல்ல என் கணக்குல விழுதோ, அவங்களுக்கு வண்டி."

தரகர் உடனே தன் ஆபீசுக்குப் போன் போட்டார். அக்கா கணவரைக் கூப்பிட்டாள். தையல் கடைக்கு எதிரேதான் அவர்களுடைய வங்கி. தொகை பெரியது என்பதால் கிளைக்குப் போய்த்தான் அனுப்ப வேண்டும். கணக்கில் இருவர் பெயரும் இருந்ததால் அவர் கையெழுத்தே போதும்.

"என்னங்க, ஓடுங்க. முதலாளியோட கணக்கு நம்பரை அனுப்பியிருக்கேன்."

கழுத்தில் அளவு நாடாவோடு அவர் சாலையைத் தாண்டினார். உள்ளே இருந்த பெண் அதிகாரி கணக்கு எண்ணை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்கச் சொன்னாள்.

"பேரு தப்பாப் போனாக்கூடப் பார்த்துக்கலாம் சார். நம்பர் தப்பாப் போச்சுன்னா பணம் வேற யார் வீட்டுக்கோ போயிடும். அனுப்பினதுக்கு அப்புறம் நிறுத்த முடியாது."

தையல்காரர் நம்பரை இன்னொரு முறை சரிபார்த்தார். "அப்படி எங்க போகுது மேடம்?"

"எல்லா பேங்குக்கும் மத்திய வங்கியில ஒரு கணக்கு இருக்கு. நான் அனுப்பினதும் அங்க நம்ம பேங்க் கணக்குல கழிச்சு, அவங்க பேங்க் கணக்குல சேர்த்துடுவாங்க. நாள் முடிவுல மொத்தமா கணக்குப் பார்க்கிறதில்ல. ஒவ்வொண்ணும் தனித்தனியா, அப்பவே முடிஞ்சிடும். அப்புறம் அவங்க பேங்க் உங்க ஆளோட கணக்குல போடும்."

"அப்ப அனுப்பிடுங்க."

"நான் பதிவு பண்ணிட்டேன். இன்னொரு அதிகாரி சரிபார்த்தாத்தான் கிளம்பும். அவர் சாப்பிடப் போயிருக்காரு."

தையல்காரர் அப்படியே பின்கட்டுக்கு ஓடினார். டிபன் டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், வாய் நிறையச் சோறோடு நிமிர்ந்து பார்த்தார்.

"சார், என் பொண்டாட்டி அங்க கிரேன் மேல ஏறி உட்கார்ந்திருக்கா. எங்க பணம் முதல்ல போகலன்னா இறக்கி விட்டுடுவாங்க."

அந்த மனிதர் டப்பாவை மூடினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, திரையில் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, அனுப்பிவிட்டார். சற்று நேரத்தில் நீளமான ஒரு எண் வந்தது. "இதுதான் இந்தப் பணத்தோட அடையாள நம்பர். மத்திய வங்கியில முடிஞ்சாச்சு," என்றார். தையல்காரர் அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினார்.

குவாரியில் அக்கா நிலைகொள்ளாமல் நின்றிருந்தாள். முதலாளியின் போன் மேசை மேல் ஊமையாகக் கிடந்தது. தரகர் காதில் போனை வைத்தபடி சிரித்தார். "எங்க ஆளும் பேங்குலதான் இருக்கான்."

"ஐயா, எங்க பணம் போயிடுச்சாம். இந்தாங்க நம்பர்," என்றாள் அக்கா.

"எனக்கு மெசேஜ் வரலையேம்மா."

எல்லாச் சேமிப்பும் கணக்கை விட்டுப் போய்விட்டது. இங்கே வந்து சேரவும் இல்லை. அக்கா மேசை மேல் கிடந்த போனை அவர் பக்கம் தள்ளினாள். "மெசேஜை விடுங்க. உங்க பேங்குக்கே போன் பண்ணி இந்த நம்பரைச் சொல்லுங்க."

முதலாளி போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். மறுமுனையில் தேடினார்கள். பிறகு அவர் தலையாட்டினார். "வந்து கணக்குலயும் ஏறிடுச்சாம். மெசேஜ்தான் எங்கயோ மாட்டிக்கிட்டிருக்கு."

தரகர் தன் ஆளிடம் கத்தினார். அங்கே இரண்டாவது அதிகாரி இன்னும் திரையையே திறக்கவில்லையாம். "சரி, நிறுத்திடு," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

சாவியை வாங்கியதும் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே ஓட்டி வந்து தையல் கடைக்கு முன்னால் நிறுத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. கணவர் இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"இவ்வளவு உசரமா?"

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க," என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பாலத்துக்குக் கீழே சிமென்ட் லாரி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறதாம், எப்போது வர முடியும் என்று கேட்டார்கள்.

"கிளம்பிட்டேன்," என்றாள் அக்கா. கணவர் கடையைப் பூட்டவில்லையே என்று முனகினார். அதற்குள் கிரேன் முக்குத் திரும்பிவிட்டது.