ஜோடி சேர்க்கிற ஆட்டம்

என் கணவருக்கு ஏதோ கோளாறு இருக்கிறது என்று முதலில் என்னிடம் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். தொடக்கப் பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற வருடம் அது, 2012. தென்னைக்கு உரம் வாங்க நாகர்கோவிலுக்குப் போன மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பவில்லை. அவருடைய செல்போனுக்கு அடித்தால் வேறு யாரோ எடுத்துப் பேசினார்கள்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு வடசேரி பஸ் ஸ்டாண்டுல இருக்காரு. அஞ்சுகிராமம் பஸ்ஸுல ஏறுகாரு, எறங்குகாரு, திரும்ப ஏறுகாரு. எங்க போணும்னு கேட்டா சொல்லத் தெரியல்ல. டாக்டர்ட்ட காட்டுங்க."

நான் போனபோது சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. என்னைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது அவருக்கு. "நீ எதுக்குட்டி வந்த? நான் வந்துட்டுதான இருக்கேன்" என்றார். உரம் வாங்கவில்லை. எதற்காக டவுனுக்கு வந்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை என்று பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது.

மஸ்கட்டில் கார் உதிரி பாகங்கள் வைக்கும் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலை. எந்த அலமாரியில் எந்தச் சாமான் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்வாராம். அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு.

நாகர்கோவிலில் பார்த்த நரம்பு டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, இது போகப் போகக் கூடுகிற நோய், மாத்திரை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று சொன்னார். மூளைக்குப் பயிற்சி கொடுக்கிற விளையாட்டுகளைப் பற்றிக் கேட்டேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் அதைக் கேட்கச் சொல்லியிருந்தாள்.

"குடுங்கம்மா. சும்மா இருக்கதுக்கு அது நல்லது. ஆனா நோயை நிறுத்தும்னு நெனச்சிராதீங்க. அத யாராலயும் உறுதியா சொல்ல முடியாது."

அவர் சொன்னதில் "நல்லது" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் ஒரு டேப்லெட் வாங்கி, அதில் விளையாட்டுகளை ஏற்றிக் கொண்டுவந்தாள். கவிழ்ந்து கிடக்கும் படங்களை இரண்டிரண்டாகத் திறந்து ஜோடி சேர்ப்பது ஒன்று. மேலிருந்து விழும் எண்களைக் கூட்டுவது ஒன்று. சரியாகச் செய்தால் உள்ளேயிருந்து கைதட்டுகிற சத்தம் வரும்.

"என்னக் கொண்டு எல்கேஜியில சேத்திருக்கா ஒம் மவ" என்று முதல் நாள் அதைத் தள்ளி வைத்தார். நானும் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானே ஆடினேன். தப்புத் தப்பாக ஆடினேன், வேண்டுமென்றே அல்ல, எனக்கு அது வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தவர், "இஞ்ச தா" என்று பிடுங்கிக்கொண்டார்.

அதன்பிறகு தினமும் காலையில் காப்பி குடித்ததும் அதுதான் வேலை. படங்களை ஜோடி சேர்ப்பதில் அவர் வேகம் கூடிக்கொண்டே போனது. அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை. கைதட்டல் கேட்டால் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். "அப்பா மூளை திரும்பி வருகு மக்களே" என்று மகளிடம் போனில் சொன்னேன். அவள் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மை என்று சாட்சி சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்த மாதத்தில்தான் அவருடைய அண்ணன் இறந்துபோனார். மாரடைப்பு. காலையில் செய்தி வந்தபோது இவர் டேப்லெட்டில் புதிதாக ஒரு நிலையைத் தாண்டியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானே அவருக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனேன்.

முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அண்ணன் மனைவி, எங்கள் மைனி, உட்கார்ந்திருந்தாள். இவர் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நேராக அவளிடம் போனார்.

"எப்படி இருக்கியோ மைனி? அண்ணன் எங்க, வெளிய போயிருக்கானா?"

மைனி நிமிர்ந்து பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவர் கையைப் பிடித்துப் பெட்டியைக் காட்டினேன். பார்த்தார். மறுபடியும் புதிதாக அழுதார். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே என் காதில், "இவ்வளவு ஆளு வந்திருக்கு, அண்ணனைக் காணோமே" என்றார். அன்று முழுவதும் அவருக்கு அண்ணன் செத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தச் செய்தியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், "கடைக்குப் போயிருக்காரு, வந்துருவாரு" என்று சொல்லிவிட்டேன். நிம்மதியாகத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகும் நான் விளையாட்டின் மேல் வைத்த நம்பிக்கையை விடவில்லை. டேப்லெட்டில் வருவது ஆப்பிளும் யானையும்தானே, வீட்டு ஆட்களின் படத்தை வைத்தால் முகம் மறக்காமல் இருக்குமே என்று தோன்றியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அட்டை செய்து எழுத்து சொல்லிக்கொடுத்த கைதானே. ஸ்டுடியோவில் எங்கள் எல்லோருடைய போட்டோவையும் இரண்டிரண்டு பிரதி எடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் ஒட்டினேன். சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப் பரப்பினேன்.

அழகாக ஆடினார். மகளை மகளோடு சேர்த்தார். அண்ணனை அண்ணனோடு சேர்த்தார். பிறகு ஒரு அட்டையைத் திருப்பினார். என் படம், நீலச் சேலையில் எடுத்தது.

"இது யாரு?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். பதில் தெரிந்த கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரி.

உற்றுப் பார்த்தார். "தெரியல்ல" என்றார். "ஆனா இன்னொண்ணு அந்தா, அந்த ஓரத்துல கிடக்கு."

கையை நீட்டி மேசையின் மறு ஓரத்தில் கிடந்த அட்டையைத் திருப்பினார். அதே நீலச் சேலை. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கைதட்டலுக்காகக் காத்திருந்தார். நான் தட்டினேன். பிறகு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அட்டைகளையும் டேப்லெட்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். டாக்டர் சொன்னதன் முழு அர்த்தமும் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. ஆட ஆட அந்த ஆட்டத்தில்தான் அவர் தேறிக்கொண்டிருந்தார். வேறு எதிலும் இல்லை.

ஆனால் பூட்டி வைத்ததும் அவர் பாடு மோசமானது. காலையில் காப்பி குடித்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் அறை அறையாக நடந்தார். கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போனார். ஒரு நாள் குளத்தங்கரையில் நின்றவரைப் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். தடுத்தால் என்னை அடிக்கக் கை ஓங்கினார். நாற்பது வருட வாழ்க்கையில் அவர் என்னை அடித்ததில்லை.

அலமாரியைத் திறந்து அட்டைகளை எடுத்து மேசையில் போட்டேன். வந்து உட்கார்ந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். இந்த முறை யார் என்று எதையும் கேட்கவில்லை. அவர் ஜோடி சேர்த்தார், நான் கை தட்டினேன். நாளாக நாளாக ஜோடி சேர்ப்பதும் போனது. அட்டைகளை வரிசையாக அடுக்குவார், கலைப்பார். சில சமயம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடிவிடுவார். அது யார் படம் என்று அவருக்குத் தெரியாது. நான் யார் என்றும் தெரியாது. ஆனாலும் அந்த நேரத்தில் அவர் பயப்படவில்லை. மற்ற நேரமெல்லாம் பயந்துகொண்டே இருந்தார்.

பிறகு படுக்கையில் விழுந்தார். விழுங்க மறந்தார். கஞ்சி நெஞ்சுக்குள் போய்ச் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் இறந்தார். அது நடந்தது 2016-ல்.

அடக்கம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு மகள் என்னிடம் கேட்டாள். "அந்த கேம்ஸ் எல்லாம் அப்பாவுக்கு ஏதாவது பிரயோஜனமா இருந்துச்சாம்மா?"

"நோய்க்கு ஒண்ணும் செய்யல்ல மக்களே" என்றேன். "காலையில கொஞ்ச நேரம் அவருக்கும் எனக்கும் சண்டை இல்லாம கழிஞ்சுது. அது நெசம்."

பிறகு, ஆபீஸ் போகும் பஸ்ஸில் தானும் தினமும் அந்த மாதிரி ஒன்றை ஆடுவதாகச் சொன்னாள். ஒரு நாள் நிலை இறங்கிவிட்டால் அன்றைக்கு வேலையே ஓடாதாம்.

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமாம்மா?"

வராது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தெரியாது. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன்.